அப்பாவுக்கு அல்சர்தான்

8 பிப்ரவரி 1981, ஞாயிறு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை பூசை முடிந்து அனைவரும் வீடு திரும்பும் வேளையில், பக்கத்து வீட்டுக் கோதண்டம் மாமாவுக்குச் சொந்தமான வெள்ளாடு ஒன்று, ப்ளஸ் ஒன் மாணவன் செ. சாலமோனின் விலங்கியல் புத்தகத்தில் ‘ஜீரண மண்டலம்’ என்ற பாடத்தை முழுவதுமாக ஜீரணித்துவிட்டது. மற்ற பாடங்களை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டது. ஆகவே மேற்படி பாடத்தில் மேற்படி மாணவன் வாங்கப்போகும் மார்க்குக்கு மேற்படி ஆடே முழுப் பொறுப்பு.

இதை அப்படியே தண்டோராக்காரன் குரலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிலில் படுத்தபடி சிரித்தார். சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “டேய் போதும்டா, தையல் இஸ்துகினு வருது” என்றார். அடுக்களையிலிருந்து அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள்.

அப்பா சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து போன வாரம்தான் வந்தார். அல்சர். காரம் கூடாது, புளி கூடாது, மோர்க்கஞ்சி மட்டும். கிரஷரில் ஃபிட்டர் வேலை, நேரத்துக்குச் சாப்பிடாமல் கருங்கல் தூசியையே சாப்பிட்டால் அல்சர் வராமல் அல்வாவா வரும் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“ஈஸ்டர் முடிஞ்சா டூட்டிக்குப் பூடுவேன் அருளு” என்றார் அம்மாவிடம்.

“ஆமா ஆமா” என்றாள் அம்மா.

ஒரு ஆமா போதாதா?

11 பிப்ரவரி, புதன்

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். துணி துவைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அது அல்சர் இல்லடா.”

வயிற்றைத் திறந்து பார்த்தார்களாம். உள்ளே எல்லா இடத்திலும் பரவிவிட்டதாம். அப்படியே மூடித் தைத்து அனுப்பிவிட்டார்களாம். புற்று. மே மாதம் தாண்டுவது கஷ்டம் என்று வராந்தாவில் வைத்து அம்மாவிடம் டாக்டர் சொன்னாராம்.

“அப்பாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே மனசு வுட்டுடுவாரு. நீ எப்பவும் போல கிண்டல் பண்ணிகினே இரு. நீ சும்மா இருந்தாதான் அவருக்கு சந்தேகம் வரும்.”

சரி. இது என் துறை. பள்ளிக்கூடத்தில் கடைசி மணியை ஒரு பீரியட் முன்னாலேயே அடித்து ஐந்நூறு பேரை வீட்டுக்கு அனுப்பியவன் நான். ஹெட்மாஸ்டரே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு பள்ளிக்கூடத்தை ஏமாற்றியவன் ஒரு கட்டிலை ஏமாற்ற மாட்டேனா?

எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது. பேனா சரியில்லை.

12 பிப்ரவரி

ஜோக் சொன்னேன். அப்பா சிரித்தார். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். முகத்தில் ஒன்றும் இல்லை. சும்மா கழுவினேன்.

20 பிப்ரவரி, வெள்ளி

சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வந்தார். பெயர் மரகதம். பச்சைக் கல் பெயர், ஆனால் உடை வெள்ளை. தையலைப் பார்க்கவும், வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைப் போடவும் இனி அவர்தான் வருவாராம்.

வந்ததும் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்: “இந்த வூட்ல தூக்கறதுக்கு ஆம்பள யாரு?”

“நான்தான்.”

“மீசையக் காணமே?”

“தாம்பரத்துல இருந்து வருது நர்சம்மா. பஸ் லேட்டு.”

அவர் சிரிக்கவில்லை. “அது வர்றதுக்குள்ள இத்தக் கத்துக்கோ” என்று என் கையில் போர்வையின் ஒரு முனையைக் கொடுத்தார்.

படுத்தே கிடப்பவரை எப்படித் திருப்புவது என்று இன்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அடியில் இருக்கும் துணியோடு சேர்த்து உருட்ட வேண்டும். முதுகில் எண்ணெய் தேய்க்கும்போது எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும், அதன் மேல் அழுத்தக் கூடாது. புண் வராமல் இருக்க முதுகுக்கு அடியில் வாழையிலை போட வேண்டும். போட்டோம். பச்சைப் பசேலென்று தலைவாழை இலை, மேலே எங்கப்பா.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. “அப்பா, இலை போட்டாச்சு. சாம்பார் எப்ப வரும்?”

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா கண்ணை மூடியபடியே சொன்னார்: “மொதல்ல அப்பளம் வைடா. இந்த வூட்ல பந்தி முறையே தெரியல.”

அப்போதுதான் நர்சம்மா சிரித்தார். குடையைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

மூத்திர பாட்டிலும் இனி என் டிபார்ட்மெண்ட். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா பார்த்துவிட்டார். “உனக்கு நான் எவ்ளோ நாள் பாத்துகீறேன். நீ ஒரு தபா கூட பாட்டில் கேட்டதில்ல. நேரா என் சட்டையிலதான்” என்றார்.

4 மார்ச், சாம்பல் புதன்

இன்றைக்குக் குழப்பம்.

ஒவ்வொரு வருஷமும் கோயிலில் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசுவார். வர முடியாத நோயாளிகளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் கொஞ்சம் மடித்து எடுத்துக்கொண்டு போவார்கள். நானும் காகிதத்தை நீட்டினேன். அம்மா பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். மண்ணாயிருக்கிறாய், மண்ணாகத் திரும்புவாய் என்று சொல்லித்தானே அதைப் பூசுவது. அந்த வார்த்தை வீட்டுக்குள் வரக் கூடாதாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் நெற்றியைப் பார்த்தார். “என் பங்கு எங்கடா?”

“தீந்து போச்சுப்பா. ஏகப்பட்ட கூட்டம்.”

“சாம்பல் தீந்து போச்சா?” என்று அடுக்களைப் பக்கம் பார்த்தார். “அடுப்பு எரியற ஊர்லயா?”

பிறகு கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டு, விரலில் ஒட்டியதைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். அம்மா வரும்போது துண்டால் துடைத்துவிட்டார்.

அல்சர்காரர் ஏன் துடைக்க வேண்டும்?

15 மார்ச், ஞாயிறு

அம்மா பூசைக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், அதனால் சுவரிடம் சொல்வது போலவே சொன்னார்.

“சாலமோனு, மிஷினு நிக்கறதுக்கு முன்னால ஒரு சவுண்டு குடுக்கும். ஆபரேட்டருக்குக் கேக்காது. மேஸ்திரிக்குக் கேக்காது. ஃபிட்டருக்குக் கேக்கும்.”

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

“ஆஸ்பத்திரிலயே தெரியும்டா. பக்கத்து பெட்டுக்காரன் சொல்லிட்டான். இந்த வார்டே அதுக்குத்தான்னு. வாசல்ல இங்கிலீஷ்ல போர்டு வேற. உங்கம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாது, பாவம். அல்சர்னு நம்பிகினு மோர்க்கஞ்சி காச்சுது.”

எனக்குக் கை நின்றுவிட்டது.

“தேய்டா. அவளுக்குத் தெரியக்கூடாது. தாங்க மாட்டா. ஆனா எனக்கு ஒண்ணு வேணும். போறதுக்கு முன்னால சாமியார் வந்து எண்ணெ பூசணும். பண்ண பாவத்தையெல்லாம் அவர்ட்ட சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணணும். அவளுக்குத் தெரியாம எப்பிடியாவது இட்டுகினு வா. உன்னால முடியும். நீதான் சரியான ஃப்ராடு பையனாச்சே.”

பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது பெருமையாக விழவில்லை.

16 மார்ச்

அப்பாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும் என்றும் எனக்குத் தெரியும். எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஒன்றும் தெரியவில்லை.

24 மார்ச், செவ்வாய்

இன்று அம்மா. மறுபடியும் கிணற்றடி. இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது.

“டேய், அப்பா எண்ணெ பூசாம பூட்டா என் மனசு ஆறாது. சாமியார் வரணும். ஆனா அவரப் பாத்தா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும். நீ ஏதாவது தந்திரம் பண்ணி இட்டுகினு வாடா. அப்பாவுக்கு ஒண்ணும் தோணக் கூடாது.”

இங்கே ஒன்று எழுதி வைக்க வேண்டும். எங்கள் தெருவில் சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூச, அதாவது அவஸ்தைப் பூசுதலுக்குச் சாமியார் வந்தால், அவருக்கு முன்னால் பூசைப் பையன் சின்ன மணியை அடித்துக்கொண்டு வருவான். அவரவர் வாசலில் முழங்கால் போடுவார்கள். அவர் எந்த வீட்டுக்குள் நுழைகிறாரோ அந்த வீட்டில் இரண்டொரு நாளில் சாவு. எண்ணெய் பூசுவதால்தான் சாகிறார்கள் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். கோடி வீட்டு ஞானம்மா அத்தை மணிச் சத்தம் கேட்ட உடனே ஒப்பாரிக்குத் தலைமுடியை அவிழ்த்துவிடுவாள். இப்போதெல்லாம் அது சாவுக்கு இல்லை, சீக்கு குணமாகத்தான் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்துவிட்டார். யார் நம்புகிறார்கள்? ஆகவே எண்ணெய் என்றால் நாட்களை எண்ணிக்கொள் என்று அர்த்தம்.

பைபிளில் சாலமோன் ராஜாவிடம் இரண்டு பொம்பளைகள் ஒரு குழந்தைக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ராஜா குழந்தையை இரண்டாக வெட்டச் சொன்னார். இங்கே ராஜாவும் நான், குழந்தையும் நான், கத்தியும் என் கையில்.

27 மார்ச், வெள்ளி

நர்சம்மாவை பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுபோய் விடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

“நான் இப்ப யார்ட்ட இன்னா சொல்லணும் நர்சம்மா?”

“தெரியலடா.”

“நீங்க நர்சு.”

“அதுக்கு? ஊசி போடத் தெரியும். புண்ணு கழுவத் தெரியும். இதுக்கு ஊசி இல்ல.” குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார். “நான் பண்றது ஒண்ணுதான். கேக்காதவங்களுக்குச் சொல்ல மாட்டேன். கேட்டவங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். உங்கப்பா இதுவரைக்கும் என்கிட்ட கேக்கல. உங்கம்மா கேட்டாங்க, எவ்ளோ நாளுன்னு. எனக்குத் தெரியாதுன்னேன். அது நிஜம்.”

“ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கலாம் இல்ல?”

“கேக்கலாம். நீ போய்ச் சொல்லிப் பாரேன்.”

பஸ் வந்துவிட்டது. படப்பை பஸ்ஸில் எப்போதும் போல் கூட்டம். படியில் ஏறி நின்றுகொண்டு கத்தினார்: “ராத்திரிக்குத் திருப்பிப் படுக்க வை! இடது பக்கம் சிவந்து கீது!”

பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் என்னைப் பார்த்தார்கள். ஏதோ தோசை விஷயம் என்று நினைத்திருப்பார்கள்.

10 ஏப்ரல், வெள்ளி

பரீட்சை. விலங்கியலில் ஜீரண மண்டலம்தான் கேட்டிருந்தான். படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டுமாம். இரைப்பை வரைக்கும் வந்தேன். அதற்குமேல் பென்சில் போகவில்லை. ஆடு தின்றதால் இல்லை.

16 ஏப்ரல், பெரிய வியாழன்

அப்பா இப்போது கஞ்சியும் குடிப்பதில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் ஒற்றினால் சப்பிக்கொள்கிறார். கன்னம் உள்ளே போய்விட்டது. ஆனால் அம்மா உள்ளே வந்தால் மட்டும் “இன்னைக்கு ரொம்ப தேவல அருளு” என்று தெளிவாகச் சொல்கிறார். அம்மாவும் “முகமே தெளிஞ்சிட்டுது” என்கிறாள். பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள்.

நாள் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போனேன். கால் கழுவும் சடங்குக்காகப் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஈஸ்டருக்கு அப்புறம் தீர்த்தம் தெளிச்சு எங்க வூட்ட மந்திரிக்க வரணும்.”

“வீடு மந்திரிக்கவா? உங்கப்பாவுக்குத்தானே உடம்பு சரியில்லை?”

எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஈரக் கையைத் துடைக்கவே மறந்துவிட்டார்.

“பெரிய வாரத்துல வந்து என்னைப் பொய் சொல்லச் சொல்றியாடா?”

“பொய் இல்ல சாமி. வூட்டையும் மந்திரிங்க, அப்பாவுக்கும் எண்ணெ பூசுங்க. ரெண்டும் நெஜம். ஒண்ண மட்டும் சத்தமா சொல்றோம், அவ்ளோதான்.”

மேலே பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரா, ஜெபிக்கிறாரா, தெரியவில்லை.

“உங்க வீட்டுக்கு மட்டும் வந்தா அது என்ன மந்திரிப்பு? தெரு முழுக்க மந்திரிக்கணும். போய்ச் சொல்லு. செவ்வாய்க்கிழமை வர்றேன். மணி வேண்டாம்.”

18 ஏப்ரல்

தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாமியார் தெரு முழுக்க வீடு மந்திரிக்க வருகிறார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஞானம்மா அத்தை மட்டும் என் கன்னத்தைத் தடவி, “வாசலுக்கு வெள்ளையடிச்சுடறேன்டா கண்ணு” என்றாள். ஒப்பாரிக்கார அத்தை! ஒரு சத்தமும் போடவில்லை. எல்லாருக்கும் தெரியுமோ?

கோதண்டம் மாமா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். “எங்க வூட்டாண்டயும் ரெண்டு சொட்டு தெளிச்சுட்டுப் போகச் சொல்லுப்பா. வல்லக்கோட்ட முருகன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு. நடுவுல எங்க வூட்ட வுட்டா பாக்கறவங்களுக்குத் தப்பாத் தோணும் பாரு.”

யாருக்குத் தப்பாகத் தோன்றும்? அவருக்கும் தெரியும்.

21 ஏப்ரல், செவ்வாய்

வெற்றி! வெற்றி! மாபெரும் வெற்றி!

வரிசையாக எல்லா வாசலிலும் மெழுகுவர்த்தி. சாமியார் முதல் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தார். கோதண்டம் மாமா வீட்டில் ஆட்டின் மேலும் இரண்டு சொட்டு விழுந்தது. என் புத்தகத்துக்கு அது பரிகாரம்.

எங்கள் வீட்டில் அம்மா மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவை வைத்து, எண்ணெய் பூசிய கையைச் சாமியார் துடைத்துக்கொள்ளப் பஞ்சும் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தாள். வீடு மந்திரிக்கப் பஞ்சு எதற்கு? அப்பாவும் கேட்கவில்லை. சாமியார் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டார். பிறகு கூப்பிட்டார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார்.

அந்த நேரம் பார்த்து, எல்லாம் ஏற்கெனவே நான் போட்டு வைத்திருந்த திட்டப்படி, கட்டிலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றேன். கோர்ட்டில் நீதிபதி சொல்வது போல் கணீரென்று சொன்னேன்: “அப்பா, அம்மாவுக்குத் தெரியும். அம்மா, அப்பாவுக்குத் தெரியும். கேஸ் முடிஞ்சுது.” இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமியார் என் தோளைத் தட்டினார். ஞானம்மா அத்தை கேட்டுவிட்டு, “பேருக்கு ஏத்த மாதிரி ராஜா தீர்ப்பு சொன்னியேடா” என்று நெட்டி முறித்தாள்.

நாளைக்கு வரிசையாக எல்லாரிடமும் சொல்ல வேண்டும்.

23 ஏப்ரல்

மத்தியானம் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். கதவை ஒருக்களித்துவிடுகிறார்கள். ஒட்டுக்கேட்டேன். பெரிய விஷயம் ஏதோ பேசுவார்கள் என்று பார்த்தால், கல்யாணத்துக்கு வந்த பந்தல்காரன் சாராயம் குடித்துவிட்டுப் பந்தலுக்குள்ளேயே தூங்கியது, அவனைச் சுற்றிப் பந்தியில் ஆட்கள் உட்கார்ந்தது. சிரிக்கிறார்கள். சாகப்போகிறவரும், அவரைப் பார்த்துக்கொண்டிருப்பவளும். இப்படிச் சிரிக்கலாமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

27 ஏப்ரல்

இன்றைக்குச் சண்டை. கல்லறையில் தன்னை நாவல் மரத்துக்கு அடியில் வைக்கச் சொல்கிறார் அப்பா. அம்மா முடியாது என்கிறாள்.

“அங்க கட்டெறும்பு.”

“எனக்கு இன்னாடி கட்டெறும்பு?”

“உனக்கு இல்ல, நான் வந்து ஒக்கார வேணாமா?”

அப்பா அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பிறகு, “அப்ப சுவத்தோரம்” என்றார்.

2 மே, சனி

நிறைய நேரம் தூங்குகிறார். முழிக்கும்போது இப்போது “தேவல” என்று சொல்வதில்லை. “வலிக்குது அருளு” என்கிறார். அம்மா “எங்க” என்று கேட்டுக் கையை அங்கே வைத்துக்கொள்கிறாள். நர்சம்மா இரண்டு ஊசி போட்டுவிட்டு, மூச்சு விட்டு விட்டு வரும், பயப்படாதே, தண்ணீரை வாயில் ஊற்றாதே, நனைத்த பஞ்சு போதும் என்று என்னிடம் சொன்னார்.

9 மே, சனி

அப்பா போய்விட்டார். காலையில். அம்மா தலைமாட்டில் இருந்தாள். நான் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தேன்.

நனைத்த பஞ்சை என்ன செய்வது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

11 மே

கோயிலில் துக்க மணி. இழுத்து இழுத்து அடித்தார்கள். சுவரோரம்தான் வைத்தோம். கோதண்டம் மாமா மூன்று வேளையும் சோறு அனுப்புகிறார். சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டில், பேசின், துணி எல்லாவற்றையும் சுத்தம் செய்து வெயிலில் வைத்துவிட்டு, அம்மாவுக்கு வலுக்கட்டாயமாக ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட்டுப் போனார்.

திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய நேரம் வந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொள்கிறேன்.

17 மே

இன்று சிரித்தேன். தப்பா? ஞானம்மா அத்தை ஜெபமாலை நடுவில் தூங்கி, ‘ஆமென்’ என்பதற்குப் பதில் ‘ஆ’ என்று மட்டும் சொன்னாள். அம்மாவைப் பார்த்தேன். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு இரண்டு பேரும் அழுதோம். எதற்கு எது என்று தெரியவில்லை.

13 ஜூன், சனி

முப்பதாம் நாள் பூசை முடிந்துவிட்டது. நர்சம்மா இன்று இந்தப் பக்கம் வந்தவர் எங்கள் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

“வல்லக்கோட்டை போற வழியில ஒரு வூடு கீது. பலராமன்னு ஒருத்தர். உங்கப்பா மாதிரிதான். பையனுக்கு உன் வயசு. அப்பன் படுத்திருக்கற ரூமுக்குள்ள காலே வைக்க மாட்டேங்கறான். நான் போறப்பல்லாம் தென்னந்தோப்புல போய் உக்காந்துக்கறான். நீ வந்து பேசறியா?”

“நானா? தாராளமா. எப்பிடிப் பண்ணணும்னு சொல்லிக் குடுத்துடறேன்” என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தத் தீர்ப்புக் கதை எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. போன வாரம் சொல்லும்போது, சாமியார் கண்ணீர் விட்டார் என்று கூடச் சேர்த்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்புக்குப் பாதி வழி போனதும் வாய் ஓடவில்லை. அந்தப் பையனிடம் என்ன சொல்வேன்? கட்டிலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நில், கணீரென்று பேசு என்றா? அவன் நின்று பார்ப்பான். முடியாது. முடியவில்லை என்றால் தன்னைத்தான் கேவலமாக நினைத்துக்கொள்வான்.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை உண்மையில் நடந்தது என்னவென்று நர்சம்மாவிடம் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

திட்டம் ஒன்றும் இல்லை. சாமியார் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பஞ்சுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் கட்டிலோரம் நின்றிருந்தேன். அம்மா சத்தமாகச் சொன்னாள்: “வூடு மந்திரிக்க வந்தாரு, அப்பிடியே உனக்கும் ஒரு ஆசீர்வாதம்.” அப்பா அதைவிடச் சத்தமாகச் சொன்னார்: “அல்சருக்கு எண்ணெ நல்லதுதான் அருளு.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். அடக்கிய இடத்தில் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. தட்டு கீழே விழுந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக, விக்கி விக்கி, “செத்துடாதப்பா, எனக்கு பயமா கீது, எனக்கு பயமா கீது” என்று கத்தினேன். சாமியாருக்கு முன்னால். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தெருவுக்கு முன்னால். கணீரென்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

அப்பா கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு என் தலையில் வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவும் வைத்தாள். என் தலைமுடிக்குள் இரண்டு கையும் ஒன்றின்மேல் ஒன்று. இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

“உனக்குத் தெரியுமா?” என்று அம்மா கேட்டாள். என்னை இல்லை.

“ஆஸ்பத்திரிலயே. உனக்கு?”

“ஆஸ்பத்திரிலயே.”

சாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் செய்தது அவ்வளவுதான். ராஜாவும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

சொல்லி முடித்துவிட்டு நர்சம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியும்” என்றார். “அந்த வாரமே உங்கம்மா சொல்லிட்டாங்க. தெருவுக்கே தெரியும். அவ்ளோ பேர் ஜன்னல்ல நின்னாங்களே.”

அப்படியானால் ஞானம்மா அத்தை நெட்டி முறித்தது? பெட்டிக்கடையில் நான் நடித்துக் காட்டும்போது எல்லோரும் தலையாட்டியது?

“அப்புறம் எதுக்கு நர்சம்மா என்ன அந்தப் பையன்கிட்ட பேசச் சொல்றீங்க?”

“அதுக்குத்தான்டா சொல்றேன்” என்று பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நாளைக்குப் பூசை முடிந்ததும் போகிறேன். என்ன பேசுவது என்று ஒன்றும் தோன்றவில்லை. தென்னந்தோப்பில் அவன் பக்கத்தில் போய் உட்காரலாம். நான் அழுத அழுகையை அவன் கேட்டால் சொல்லலாம். சிரிப்பான். சிரிக்கட்டும்.